நிறுத்தி வைத்த கார் கிளம்பவில்லையா? நீங்களே சோதிக்கலாம்!

ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வருகிறீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். கடிகாரம் பல வருடங்களுக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது. "செட்டிங்ஸ் காணவில்லை" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையும் வருகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். விஷயம் தெரிந்த நண்பர் மதர்போர்டில் உள்ள சிறிய பட்டன் செல்லை மாற்றித் தருகிறார். எல்லாம் சரியாகிவிடுகிறது.

இதே கதைதான் காரிலும். நிறுத்தி வைத்த கார் கிளம்ப மறுத்தால் நாம் உடனே பயப்படுகிறோம், அல்லது உடனே ஒரு புது பேட்டரி வாங்குகிறோம். இரண்டுமே தேவையில்லை. கம்ப்யூட்டரில் பிழை வந்தால் எப்படிப் படிப்படியாகச் சோதிக்கிறோமோ அப்படியே காரையும் சோதித்திடலாம். கம்ப்யூட்டர் இதழில் கார் பற்றி எதற்கு என்று கேட்கிறீர்களா? இன்றைய கார் நான்கு சக்கரம் பூட்டிய கம்ப்யூட்டர்தான். அதோடு பேசுவதற்கு உங்கள் லேப்டாப்போ மொபைலோ போதும்.

ஆனால் அதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதில் நான் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயிலாடும்பாறையில் நடந்தது

தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் என் மாமனார் வீடு. அவரிடம் ஒரு சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. தோட்டத்துக்குப் போக டூவீலர்தான். காரை மாதத்தில் ஒன்றிரண்டு முறை எடுத்தால் அதிகம். மற்றபடி அது தென்னங்கீற்றுக் கொட்டகையில் கிடக்கும்.

ஒரு நாள் நள்ளிரவு அத்தைக்கு மூச்சுத் திணறல். கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாமா சாவியைத் திருகினார். "டக்டக்டக்" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. நல்ல வேளையாக 108 ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. அத்தை பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மாமா போன் செய்தார்.

"மாப்ள, புது பேட்டரி போட்டும் அதே கதைதான். டக்டக்குனு அடிக்குதே தவிர கெளம்ப மாட்டேங்குது. வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஓடவும் விட்டேன்."

நான் நேரில் போய்ச் சோதித்தேன். குற்றவாளியைப் பிடிக்க ஒரு பகல் ஆனது. அது யார் என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன். அந்தச் சோதனைகளைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

படி 1: காதைக் கொடுத்துக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பீப் ஒலியை வைத்து ராம் பழுதா, டிஸ்பிளே கார்டு பழுதா என்று கண்டுபிடிப்போம் அல்லவா? காருக்கும் அப்படி ஒலி மொழி உண்டு.

* டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை: பேட்டரி முழுவதும் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது.
* வேகமாக டக்டக்டக் ஒலி, விளக்குகள் மங்குகின்றன: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினலில் பூஞ்சை போல் உப்புப் படிந்திருக்கிறது.
* ஒரே ஒரு "டக்", விளக்குகள் பிரகாசமாகவே இருக்கின்றன: செல்ஃப் மோட்டாரிலோ அதன் ஸ்விட்சிலோ பழுது இருக்கலாம்.
* செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் வரவில்லை, தீப்பொறி இல்லை, சென்சார் பழுது, அல்லது சாவியை கார் அடையாளம் காணவில்லை.
* வெகு நேரம் சுற்றிப் பிறகு பிடிக்கிறது: எரிபொருள் குழாயில் அழுத்தம் இறங்கியிருக்கலாம். சாவியை ஆன் நிலையில் 3 வினாடி வைத்து, ஆஃப் செய்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்ரோல் பம்ப் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மினுக்கினால் அது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பை கார் படிக்கவில்லை என்று அர்த்தம். பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டின் செல் தீர்ந்தாலும் இப்படி ஆகும். பல ரிமோட்களில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் செல். ஆம், உங்கள் மதர்போர்டில் இருக்கும் அதே செல்தான்! அவசரத்துக்கு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள். பல கார்களில் செல் இல்லாமலேயே சிப் படிக்கப்பட்டுவிடும். சில கார்களில் அதற்கென வேறு இடம் இருக்கும். கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பானெட்டைத் திறந்து பாருங்கள்

பேட்டரி டெர்மினலை கையால் அசைத்துப் பாருங்கள். அசையக்கூடாது. வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் உப்புப் படிந்திருந்தால், முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ் வயர் என்று கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். (கழற்றும் முன் படி 4ஐப் படித்துவிடுங்கள்.)

கிராமத்தில் இன்னொரு விருந்தாளியையும் தேட வேண்டும். எலி! ஓடாத கார் அதற்கு நல்ல வீடு. தேங்காய் நார், வைக்கோல், கடித்த வயர் துண்டுகள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். வயர் கடிபட்டிருந்தால் சாவியைத் திருக வேண்டாம். மெக்கானிக்கை அழையுங்கள்.

படி 3: வோல்ட் அளந்திடுங்கள்

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைச் சோதிக்கவும் இதுவே உதவும். டி.சி. 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் வையுங்கள். கார் சில மணி நேரமாவது ஓடாமல் இருந்த பிறகு அளந்தால்தான் சரியான அளவு கிடைக்கும்.

* 12.6 வோல்ட் அல்லது மேலே: முழு சார்ஜ்
* 12.4: சுமார் முக்கால்
* 12.2: சுமார் பாதி
* 12.0: சுமார் கால்
* 11.8க்குக் கீழே: ஏறக்குறைய காலி

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் இரண்டு அளவுகள் வேண்டும். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வோல்ட் இறங்கும். ஆனால் 9.6க்குக் கீழே போகக்கூடாது. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் எடுக்கும்போது 8க்கு இறங்கினால் அது வயதான பேட்டரி. என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். (புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை ஏற்றி இறக்கும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சில நிமிடம் கவனித்துப் பாருங்கள்.)

மாமாவின் காரில் 11.6 காட்டியது. மூன்றே வார வயதுள்ள பேட்டரி! சார்ஜர் வாங்கி வந்து இரவு முழுக்க சார்ஜ் போட்டோம். காலையில் 12.7. செல்ஃப் எடுக்கும்போது 10.4. ஓடும்போது 14.2. அதாவது பேட்டரியும் நல்லது, ஆல்டர்னேட்டரும் நல்லது. அப்படியானால் கரண்ட் எங்கே போகிறது?

படி 4: காரின் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்

விண்டோஸில் பிழை ஏற்பட்டால் அது ஈவென்ட் லாக்கில் பதிவாகும். காரின் ஈ.சி.யூ.வும் அப்படியே பிழைகளைக் குறித்து வைக்கும். இதைப் படிக்கும் வசதிக்குப் பெயர் ஓ.பி.டி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி. 2 கட்டாயமானது. நம் நாட்டில் பி.எஸ். 4 விதிகளுடன் இது வந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பி.எஸ். 4 அமலானபோது முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 நாடு முழுவதற்கும் விரிந்தது. எனவே அதற்குப் பின் வாங்கிய கார் என்றால் உங்கள் காரில் இந்த வசதி இருக்கும்.

ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருக ஈ.எல்.எம். 327 வகை புளூடூத் அடாப்டர்கள் விற்கின்றன. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியதாக இருக்கும்.

1. அடாப்டரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்திடுங்கள். என்ஜின் ஓட வேண்டியதில்லை.
2. ஆண்ட்ராய்ட் மொபைல் என்றால் புளூடூத் செட்டிங்ஸில் இணைத்திடுங்கள். ரகசிய எண் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுத்துப் பாருங்கள். "டார்க்" போன்ற ஒரு ஆப்பில் பிழை எண்களைப் படிக்கலாம்.
3. விண்டோஸ் லேப்டாப் என்றால் புளூடூத்தில் இணைத்தபின், கூடுதல் புளூடூத் ஆப்ஷன்ஸ் விண்டோவில் காம் போர்ட்ஸ் டேபை க்ளிக் செய்திடுங்கள். "அவுட்கோயிங்" என்று காட்டும் போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் புரோகிராமில் அதையே கொடுங்கள். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்.

வரும் எண்களில் கார் கிளம்பாத விஷயத்துக்குத் தொடர்புள்ள சில:

* பி 0562: சிஸ்டம் வோல்டேஜ் குறைவு
* பி 0335: கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சர்க்யூட்
* பி 0230: எரிபொருள் பம்ப் சர்க்யூட்
* பி 0087: எரிபொருள் அழுத்தம் குறைவு
* பி 0380: டீசல் என்ஜினின் குளோ பிளக் சர்க்யூட்

கவனிக்க: பேட்டரியைக் கழற்றினால் இந்தப் பதிவுகள் அழிந்துபோகலாம். எனவே முதலில் படித்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கழற்றுங்கள். இன்னொன்று: பேட்டரி வோல்ட் மிகவும் இறங்கினால் சம்பந்தமில்லாத பல பிழைகளும் பதிவாகும். பத்து பிழை வந்துவிட்டதே என்று பத்து சென்சார் வாங்காதீர்கள். சார்ஜ் செய்து, பிழைகளை அழித்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். திரும்ப வருவதுதான் உண்மையான பிழை.

மாமாவின் காரில் வந்தது பி 0562 ஒன்றுதான். காரணம் சொல்லவில்லை, அறிகுறியை மட்டும் சொன்னது.

படி 5: திருட்டுக் கரண்ட்டைப் பிடியுங்கள்

பூட்டிய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். அலாரம், கடிகாரம், ஈ.சி.யூ.வின் நினைவகம் இவற்றுக்காக. ஸ்டாண்ட்பையில் இருக்கும் கம்ப்யூட்டர் போல. பொதுவாக இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அளப்பது இப்படி:

1. எல்லா விளக்குகளையும் அணைத்து, சாவியை வெளியே எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கீலெஸ் சாவி அருகில் இருந்தால் கார் தூங்காது.
2. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று குறித்த துளைக்கு மாற்றி, டி.சி. ஆம்பியர் நிலையில் வையுங்கள்.
3. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை இணைத்திடுங்கள்.
4. அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். முதலில் பெரிய எண் காட்டும். காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கியபின் இறங்கி நிற்கும் எண்தான் நமக்கு வேண்டும்.
5. அது அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில் திருடன் இருக்கிறான்.

எச்சரிக்கை: மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். சோதனை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வோல்ட் அளந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

மாமாவின் காரில் 0.06 ஆம்பியர், அதாவது 60 மில்லி ஆம்பியர் நின்றது. ஃப்யூஸ்களைப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். ஒரு ஃப்யூஸில் 0.02க்கு இறங்கியது. மூடியில் உள்ள படத்தைப் பார்த்தேன். ஓ.பி.டி. சாக்கெட்டின் ஃப்யூஸ்!

அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்கு வந்திருந்தபோது மாமாவுக்கு மைலேஜ் காட்டுகிறேன் என்று அந்த அடாப்டரைச் செருகியது நான். கழற்ற மறந்ததும் நான். இன்று காலை பிழை எண் படித்ததும் அதே அடாப்டரில்தான்! ஓ.பி.டி. சாக்கெட்டின் 16ஆம் துளையில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. சாக்கெட்டில் இருக்கும் அடாப்டரின் புளூடூத் இரவும் பகலும் யாராவது இணைய மாட்டார்களா என்று விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

40 மில்லி ஆம்பியர் ஒரு பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மில்லி ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர் ஹவர். அந்தக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். 12 நாளில் பாதி காலி. 21 நாளில் 30 ஆம்பியர் ஹவர் போய்விடும். மாமா சொன்ன மூன்று வாரம் சரியாகப் பொருந்துகிறது. அடாப்டர் இல்லாமல் 20 மில்லி ஆம்பியர் என்றால் பாதி காலியாக 36 நாள் ஆகும்.

வாரம் ஐந்து நிமிடம் ஓட விட்டாரே? ஒரு வாரத்தில் போனது சுமார் 10 ஆம்பியர் ஹவர். ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் ஏறுவது 2.5 தான். பத்து ரூபாய் கடனுக்கு இரண்டரை ரூபாய் கட்டியது போல. நிறுத்தி வைத்த காரை வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். அதுதான் சரி.

அடாப்டரைக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்தேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் அதற்காக அவர் ஒரு புது பேட்டரி வாங்கியிருந்தார். அத்தை ஒரு இரவு மூச்சுக்குப் போராடியிருந்தார். "விடுங்க மாப்ள, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் மாமா. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது, வாரக்கணக்கில் நின்ற பல கார்கள் இப்படித்தான் கிளம்ப மறுத்தன. ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ் கேமரா, பிறகு பொருத்திய ஸ்டீரியோ என்று நாம் சேர்க்கும் ஒவ்வொன்றும் பேட்டரியில் பங்கு கேட்கும். உங்கள் கார் நிற்கும் நாட்களில் அவற்றில் எது விழித்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

எக்ஸெலில் ஒரு அட்டவணை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை ஒரு பயிற்சியாகச் செய்திடலாம். எக்ஸெலில் மூன்று நெடுவரிசைகள் போதும்: தேதி, ஓடாத நிலையில் வோல்ட், ஓட்டிய நிமிடங்கள். ஞாயிறுதோறும் அளந்து நிரப்புங்கள். பிறகு தேதியையும் வோல்ட்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டை க்ளிக் செய்திடுங்கள். கோடு வாராவாரம் கீழே இறங்கினால், கார் நின்றுபோவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். மாமா இப்போது இதைச் செய்கிறார். எழுபது வயதில் அவர் கற்றுக்கொண்ட முதல் எக்ஸெல் பாடம் இதுதான்.

கேள்வி - பதில்

இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்வது எப்படி?
இரண்டும் 12 வோல்ட் பேட்டரியாக இருக்க வேண்டும். சிவப்பு கேபிளை முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை கிளம்பாத காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அருகே தீப்பொறி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. கிளம்பியதும் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
கியர் மாற்றும் கார் என்றால் இரண்டாவது கியரில் முயலலாம். ஆனால் பேட்டரி முழுவதும் காலியென்றால் ஈ.சி.யூ.வும் பெட்ரோல் பம்பும் இயங்காது. எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. ஆட்டோமேட்டிக் காரில் முயலவே வேண்டாம்.

பல மாதம் நின்ற பெட்ரோல் கெட்டுப்போகுமா?
கெடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்ற காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தும்போது என்ன செய்வது?
கையேட்டைப் பார்த்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கலாம். கடிகாரமும் ரேடியோ செட்டிங்ஸும் அழிந்தாலும் பேட்டரி பிழைக்கும். டிக்கியை மின்சாரத்தால் திறக்கும் கார் என்றால், கழற்றும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மல்டிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் 108ஐ அழையுங்கள். சோதனையெல்லாம் அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. இந்த ஞாயிறு உங்கள் காரின் ஸ்டியரிங்கிற்குக் கீழே ஒரு முறை குனிந்து பாருங்கள். ஏதாவது செருகியபடி, ஒரு சிறிய விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதா?